பச்சை உடம்பும் ஒரு படிவமும்

நான் கல்லூரியில் இலக்கியம் கற்பிப்பவள். விழுப்புரத்தில் என் வகுப்பில் இருப்பவர்களில் பாதிப்பேர் திண்டிவனம், மயிலம், விக்கிரவாண்டி, மரக்காணம் பக்கமிருந்து காலைப் பேருந்தில் வந்து சேரும் பெண்கள். ஒரு பிரதியைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியவை என்று அவர்களுக்கு மூன்று கேள்விகளைச் சொல்லித் தருவேன். யார் பேசுகிறார்? யாரிடம் பேசுகிறார்? யாரைப் பற்றிப் பேசிக்கொண்டே, அவரிடம் மட்டும் பேசாமல் விட்டுவிடுகிறார்? இந்தக் கட்டுரையில் அந்த மூன்றையும் ஓர் அரசுப் படிவத்திடம் கேட்கப்போகிறேன். பிள்ளை பெற்றவளை அவள் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சுகாதாரப் பணியாளர் நிரப்ப வேண்டிய படிவம் அது.

கதையையும் கவிதையையும் படிக்கிற கண்ணால் ஒரு படிவத்தைப் படிப்பதா என்று தோன்றலாம். நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் எந்த நாவலிலும் இடம்பெறப்போவதில்லை. ஆனால் எல்லோரும் ஏதோ ஒரு பதிவேட்டில் எழுதப்படுகிறார்கள். அங்கே எழுதப்படுவதுதான் அவர்களைப் பற்றி அரசுக்குத் தெரிந்த கதை. அந்தக் கதையின் கட்டங்களை யார் போட்டது, எந்தக் கட்டத்தைப் போடாமல் விட்டது என்று பார்ப்பதும் விமர்சனத்தின் வேலைதான்.

இந்திய அரசு 2011இல் வீட்டிலேயே பச்சிளங்குழந்தையைப் பராமரிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மருத்துவமனையில் பிறந்த குழந்தை என்றால் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆறு முறை வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டிலேயே பிறந்திருந்தால் முதல் நாளும் சேர்த்து ஏழு முறை. போக வேண்டியவர் ஆஷா பணியாளர். தமிழ்நாட்டில் ஆஷாக்கள் மலைப்பகுதிகள் போன்ற சில இடங்களில்தான் இருக்கிறார்கள். விழுப்புரம் மாதிரியான சமவெளி மாவட்டத்தில் இந்த வேலை பெரும்பாலும் கிராம சுகாதாரச் செவிலியரின் தலையில் விழுகிறது. ஊரார் அவரை நர்ஸம்மா என்பார்கள். அவர் கையில் இருக்கும் பதிவேட்டின் வடிவம் மாறலாம். பார்வையின் தர்க்கம் தேசியப் படிவத்தில் இருப்பதுதான்.

திட்டத்தின் வேர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இருக்கிறது. மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இருவரும் அங்கே நடத்திய ‘சர்ச்’ என்ற அமைப்பு, கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துப் பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்க வைத்தது. 39 கிராமங்களில் நடந்த இந்த முயற்சியில் பிறந்த ஒரு மாதத்துக்குள் நேரும் குழந்தை மரணங்கள் 62 சதவீதம் குறைந்தன. 1999இல் ‘லான்செட்’ இதழ் அந்த முடிவை வெளியிட்டது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு கிராமத்துப் பெண்ணால், பெரிய மருத்துவமனை செய்ய முடியாததைச் செய்ய முடியும் என்று காட்டிய வேலை அது. அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை.

அதே இடத்திலிருந்து அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னால், 1989இல், அதே இதழில் ராணி பங் முன்னின்று செய்த இன்னோர் ஆய்வு வந்தது. இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்ததில் 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் ஒருமுறையாவது அதற்கான பரிசோதனைக்குப் போனவர்கள் 8 சதவீதம் பேர்தான். பெண்ணுடம்பு பிள்ளை சுமக்காத நாட்களிலும் வலிக்கிறது, அந்த வலியை யாரும் கேட்டதில்லை என்பதே அந்த ஆய்வின் சாரம். ஒரே ஊரிலிருந்து இரண்டு கண்டுபிடிப்புகள். குழந்தையைப் பற்றியது நாடு முழுவதற்குமான வீட்டுப் பார்வைத் திட்டமானது. பெண்ணைப் பற்றியது அதே வேகத்தில் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை.

இப்போது படிவத்துக்கு வருவோம்.

குழந்தைக்கான பகுதி நுணுக்கமானது. எடை எவ்வளவு, உடல் வெப்பம் எவ்வளவு, கண்ணில் சீழ் உண்டா, தோலில் கொப்புளமோ மஞ்சளோ தெரிகிறதா, தொப்புளில் சீழ் இருக்கிறதா, கைகால் துவண்டிருக்கிறதா, அழுகை பலவீனமாகிவிட்டதா, மூச்சு இழுக்கும்போது மார்பு உள்வாங்குகிறதா? இத்தனையையும் கேட்கத்தான் வேண்டும். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் எங்கோ இறந்துபோன ஒரு குழந்தை இருக்கிறது.

தாய்க்கான பகுதி சிறியது. ஒரு நாளைக்கு எத்தனை வேளை வயிறாரச் சாப்பிடுகிறாள், உதிரப்போக்குக்கு எத்தனை துணி மாற்றுகிறாள், காய்ச்சல் உண்டா, துர்நாற்றத்தோடு கசிவு உண்டா, பால் சுரக்கிறதா, முலைக்காம்பில் வெடிப்போ மார்பில் கட்டோ உண்டா? கூடவே இன்னொரு கேள்வி: அசாதாரணமாகப் பேசுகிறாளா, வலிப்பு வந்ததா?

இந்தக் கடைசிக் கேள்வியில் நான் நின்றுவிட்டேன். பிரசவத்துக்குப் பிந்தைய மனநோயையும் வலிப்பையும் கண்டுபிடிக்க இது தேவை என்பது மருத்துவ நியாயம். ஆனால் முழுப் படிவத்திலும் அவளுடைய பேச்சு என்ற ஒன்று தலைகாட்டுவது இந்த ஓர் இடத்தில்தான். அவள் பேச்சு அறிகுறியாக மாறினால் மட்டுமே எழுதப்படும். பிதற்றினால் பதிவு உண்டு. “ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருக்கேன், உடம்பு என்னுதா இல்லை” என்று தெளிவாகச் சொன்னால் அதற்குக் கட்டம் இல்லை. தூங்கினாயா என்று கேட்கவில்லை. தையல் போட்ட இடம் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கணவன் வந்து பார்த்தானா, பெண் குழந்தை என்று யாராவது முகம் சுளித்தார்களா, யாராவது கை நீட்டினார்களா என்று கேட்கவில்லை. பாலுக்கு வழியாகவும் தொற்றுக்கு இடமாகவும் அவள் உடம்பு வருகிறது. அதற்கு மேல் அவள் வரவில்லை.

சாப்பாட்டுக் கேள்வியைப் பாருங்கள். மூன்று வேளை என்று எழுதிவிடலாம். குழைந்த சோறும் சுட்ட பூண்டும் மிளகு ரசமும் மூன்று வேளை. நம் பக்கத்தில் பத்தியம் என்பது மருந்தாகவும் இருக்கிறது, தண்டனையாகவும் இருக்கிறது. சுறாப்புட்டும் கருவாடும் பால் ஊறும் என்று ஆக்கிப்போடும் வீடும் உண்டு. தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும் என்று சொம்பை எடுத்து வைத்துவிடும் வீடும் உண்டு. எத்தனை வேளை என்ற எண், யார் பரிமாறுகிறார்கள், எதைக் கொடுக்க மறுக்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

தையலைப் பற்றிச் சொன்னேன். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அதில் 44.9 சதவீதம் சிசேரியன். அதாவது வீட்டுப் பார்வைக்குப் போகும் நர்ஸம்மா பார்க்கப்போகும் பெண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வயிற்றில் பெரிய அறுவைக் காயத்தோடு படுத்திருப்பவர்கள். தாயின் பகுதியில் அந்தக் காயத்துக்கென்று ஒரு வரி இல்லாதது சின்ன விடுபடல் இல்லை.

படிவத்தை ஒட்டிப் பணம் பற்றிய விதியும் உண்டு. ஆறு பார்வைகளையும் முடித்தால் ஆஷாவுக்கு ஊக்கத்தொகை 250 ரூபாய். குழந்தையின் எடை பதிவாகியிருக்க வேண்டும், பிறப்புப் பதிவாகியிருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், 42ஆம் நாள் வரை தாயும் சேயும் பத்திரமாக இருக்க வேண்டும். தாய் பத்திரம் என்பதற்கு இங்கே பொருள் உயிரோடு இருப்பது. உயிரோடு இருப்பவள் எப்படி இருக்கிறாள் என்பது கணக்கில் வராது.

வெளியே சொல்லப்படும் எண்களும் இப்படித்தான். பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பைக் குடும்பநல ஆய்வு அளக்கும் முக்கியமான குறியீடு, பிரசவமான இரண்டு நாட்களுக்குள் மருத்துவரோ செவிலியரோ தாயைப் பார்த்தார்களா என்பது. சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள், சிசேரியனுக்கு ஏழு நாள் அரசு மருத்துவமனையில் இலவச உணவோடு தங்கும் ஏற்பாடு 2011 முதல் இருக்கிறது. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ பிள்ளை பெற்றவள் அந்த இரண்டு நாளும் வார்டில்தான் இருப்பாள். மருத்துவர் சுற்று வந்தால் குறியீடு நிறைந்துவிடும். 102 வண்டியில் வீட்டு வாசலில் இறங்கிய பிறகு யார் வந்தார்கள் என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது.

அடுத்து, வீட்டுப் பார்வை என்ற சொல்லில் உள்ள ‘வீடு’. அது எந்த வீடு?

விழுப்புரம் பக்கத்தில் வாக்கப்பட்டவளின் கர்ப்பம் கணவன் ஊரின் துணை சுகாதார நிலையத்தில் பதிவாகிறது. எண் கொடுக்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வரும். 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய உதவி அது. 2018 முதல், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய். வளைகாப்பு முடிந்ததும் அவள் திண்டிவனம் பக்கத்து அம்மா வீட்டுக்குப் போகிறாள். வலி கண்டதும் சிலர் திண்டிவனம் மருத்துவமனைக்குப் போவார்கள். சிலர் மாநில எல்லையைத் தாண்டிப் புதுச்சேரி ஜிப்மருக்கு. திரும்பி வருவது அம்மா வீட்டுக்கு. மூன்று மாதம், ஐந்து மாதம் கழித்துத்தான் குழந்தையோடு கணவன் வீடு. ஆக, 3ஆம் நாளிலிருந்து 42ஆம் நாள்வரை அவள் இருப்பது, அவளைப் பதிவுசெய்த நர்ஸம்மாவின் எல்லைக்கு வெளியே. அம்மா ஊர் நர்ஸம்மாவுக்கோ அவள் தன் பட்டியலில் இல்லாத விருந்தாளி.

தேசிய வழிகாட்டுதலுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். தாய்வீட்டில் பாதி, கணவன் வீட்டில் பாதி என்று பார்வைகள் பிரிந்தால் ஊக்கத்தொகையை இரண்டு ஆஷாக்களுக்கும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று அது பேசுகிறது. காசைப் பிரிக்க வழி சொன்னவர்கள், பெண்ணைக் கைமாற்றுவதற்கு வழி யோசித்தார்களா? இது ஏதோ விதிவிலக்கான நிலைமை இல்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம்மிடையே ஊரறிந்த வழக்கம். கணவனின் முகவரியைப் பெண்ணின் நிலையான முகவரியாக எடுத்துக்கொள்ளும் அரசுக்கு மட்டும் அது ஆண்டுதோறும் ஆச்சரியமாக இருக்கிறது.

நிலையான முகவரியே இல்லாதவர்களும் இங்கே இருக்கிறார்கள். திண்டிவனம், மரக்காணம், செஞ்சி வட்டாரங்களில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் ஏரிக்கரையிலும் வாழும் இருளர் குடும்பங்களுக்கு வீடு என்பது வேலை இருக்கும்வரை நிற்கும் குடிசை. அவர்கள் வாசலுக்கு அரசு வந்த வரலாறும் வேறு. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே இருளர் பெண்கள் நால்வர், இரவில் வந்த போலீசார் தங்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியதாகப் புகார் சொன்னார்கள். அந்த நினைவுள்ள வாசலில் பதிவேட்டோடு போய் நிற்பவர், முதலில் தன்னை யார் என்று சொல்லி நம்பிக்கை பெற வேண்டியிருக்கிறது. மற்றப் பெண்களுக்கும் ஒரு நினைவு உண்டு. 1996இல் கைவிடப்படும் வரை குடும்பக்கட்டுப்பாட்டுக்கு இலக்கு வைத்து வேலை வாங்கிய காலம் இருந்தது. நர்ஸம்மா வருகிறார் என்றால் ‘ஆபரேஷனுக்கு’ ஆள் பிடிக்க வருகிறார் என்று அப்போது பெண்கள் பின்வாசல் வழியாகப் போனார்கள். வீடு தேடி வரும் அரசு எல்லாம் நல்லது என்று பெண்ணியம் கண்ணை மூடிச் சொல்லிவிட முடியாது. எதற்காக வருகிறது, யாரைப் பார்க்க வருகிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

அரசு தேவையில்லை, அம்மா வீடு இருக்கிறதே என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்கிறது நம் வழக்கு. ஆறாத உடம்பு, காற்றுப் பட்டாலும் நோகும் உடம்பு. படிவத்தில் இல்லாத கனிவு அந்தச் சொல்லில் இருக்கிறது. ஆனால் அந்தக் கனிவைச் செய்துமுடிக்கும் கைகள் யாருடையவை? வெந்நீர் வைப்பது, துணி அலசுவது, காயம் இடிப்பது, இரவில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்வது எல்லாம் அவளுடைய அம்மா. மணிலாக் கொட்டை பிடுங்கும் பருவத்தில் கூலியை விட்டுவிட்டு, நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் அம்மா. நெதர்லாந்தில் இதே வேலைக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் பிரசவம் முடிந்த முதல் ஒரு வாரத்துக்கு நாள்தோறும் பல மணி நேரம் வீட்டுக்கு வருகிறார். தாயையும் சேயையும் பார்க்கிறார், வீட்டு வேலையிலும் கைகொடுக்கிறார். அங்கே அது சம்பளம் உள்ள வேலை. இங்கே தாய்ப்பாசம். பாசம் என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கேட்க முடியாது.

அம்மா வீடு எல்லாப் பெண்ணுக்கும் அடைக்கலமும் இல்லை. வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 359 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். காரணங்களாக அது சேர்த்துச் சொன்னவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் தன் பெற்றோரோடுமே உறவு சரியில்லாதது, உடலுழைப்புக்கு உதவி இல்லாதது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள். ‘தன் பெற்றோரோடுமே’ என்ற இடத்தைக் கவனியுங்கள். இரண்டாவதும் பெண் என்றால் அம்மாவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வீடுகள் நமக்குத் தெரியாதவை இல்லை. வட தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களிடமிருந்தே கிடைத்த இந்த அறிவு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சில் இருக்கிறது. படிவத்துக்குள் வரவில்லை.

வந்திருந்தாலும் அவளைத் தனியே கேட்டிருக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. வீட்டுப் பார்வை நடப்பது கூடத்தில். கட்டிலைச் சுற்றி மாமியார், நாத்தனார், அத்தை, எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரி. நர்ஸம்மா கேட்பதற்கு மாமியார் பதில் சொல்வார். “நல்லா சாப்புடுறா, நல்லா தூங்குறா.” படுத்திருப்பவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தாயிடம் தனியாகப் பேசினீர்களா என்று ஒரு கட்டம் இருந்தால், மற்றவர்களை வெளியே அனுப்ப நர்ஸம்மாவுக்கு ஒரு சாக்காவது கிடைக்கும். “சட்டம் அப்பிடி இருக்கு பெரியம்மா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க” என்று சொல்லலாம். சாதி கூடத்தில் நிற்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். காலனியிலிருந்து வரும் பணியாளரைத் திண்ணையோடு நிறுத்திக் குழந்தையைத் தூக்கிவந்து காட்டும் ஊர்த்தெரு வீட்டில், உள்ளே படுத்திருப்பவளை அவர் பார்க்கவே முடியாது. ஆனாலும் பார்வை நடந்ததாகப் பதிவாகிவிடும்.

இதையெல்லாம் நர்ஸம்மாவின் குற்றமாகப் படித்துவிடக் கூடாது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். ஊரில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி செவிலியரை, எல்லாவற்றுக்குமான பல்நோக்குப் பணியாளராக மாற்றச் சொன்னது 1973இன் கர்த்தார் சிங் குழு. இன்று தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, உதவித்தொகைக்கான ஆவணங்கள், கணினிப் பதிவு எல்லாம் அவர் வேலை. கணினிப் பதிவுச் சுமையை எதிர்த்துத் தமிழ்நாட்டின் கிராம சுகாதாரச் செவிலியர்கள் போராடியும் இருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார விடாத வேலைமுறை அவரையும் சேர்த்தே நசுக்குகிறது.

வீடு தேடிப் போக அரசால் முடியாது என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறது. அந்த வேலையையும் மகளிர் குழுக்களிலிருந்து வந்த பெண்கள்தான் குறைந்த ஊக்கத்தொகைக்குச் செய்கிறார்கள். மனமும் வழியும் இருந்தால் கதவு தட்டப்படும் என்பதற்கு அது சாட்சி.

என்ன கேட்கலாம்? 1987இல் ஜான் காக்ஸும் உடன் பணிபுரிந்தவர்களும் உருவாக்கிய எடின்பரோ அளவுகோல், பத்தே கேள்விகளில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைத் தேடுகிறது. தாயின் மனநிலையை இப்படிச் சரிபார்க்கப்பட்ட கருவியால் கேட்டறிய வேண்டும், கூடவே சிகிச்சைக்கு வழி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்திருக்கிறது. அந்தக் ‘கூடவே’ முக்கியம். கேட்டுவிட்டு அனுப்ப இடம் இல்லையென்றால், கேள்வி அவளிடமிருந்து இன்னொன்றைப் பிடுங்கிக்கொண்டதாக ஆகிவிடும். ஆகவே படிவத்தில் பத்து வரி சேர்த்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. பதிவு கணவன் வீட்டோடு கட்டிப்போடப்படாமல் பெண்ணோடு போக வேண்டும். அவள் எந்த ஊரில் படுத்திருக்கிறாளோ அந்த ஊர்ச் செவிலியரின் பட்டியலுக்கு அவள் பெயர் தானாக வர வேண்டும். பார்வையில் ஒரு பகுதி அவளோடு தனியாக நடக்க வேண்டும். தையல், தூக்கம், அடி, அழுகை ஆகியவற்றுக்கு இடம் வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளும் செவிலியருக்கு நேரமும், திண்டிவனத்திலேயே அனுப்பிவைக்க ஒரு மனநல ஆலோசகரும் வேண்டும். 42ஆம் நாளோடு எல்லாம் முடிந்தது என்ற கணக்கும் மாற வேண்டும். 2018இல் சேர்த்த கூடுதல் பார்வைகள் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நீள்கின்றன. அவையும் பெரும்பாலும் குழந்தையின் எடைக்கும் உணவுக்குமே.

என் மாணவிகளில் சிலர் நாளை அதே பதிவேட்டைக் கையில் ஏந்தும் வேலைக்குப் போவார்கள். பலர் அந்தக் கட்டிலில் படுத்திருப்பார்கள். இரண்டு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான். தராசைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால், குழந்தையைக் கையில் வாங்குவதற்கு முன்னால், படுத்திருப்பவளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒன்று கேட்கலாம்: “உனக்கு எப்படிம்மா இருக்கு?” அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை எழுதாமல் இருக்கலாம். அதற்குப் படிவம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பதிலை எழுத இடம் கிடைக்கும்வரை படிவத்தோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.